துணிச்சல் என்றால் பயமே இல்லாததா?



'நம் பிள்ளைகள் துணிச்சலோடு வளர வேண்டும்' என்று விரும்பாத பெற்றோர் இல்லை. அதற்காக ராஜா கதைகளும் போர்க் கதைகளும் சொல்கிறோம். ஆனால், பள்ளிக்கூடம் போவதற்கே துணிச்சல் தேவைப்பட்ட பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அமெரிக்காவில் வெளிவந்த சிறுவர் நூல்கள் சிலவற்றை இன்று பார்ப்போம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி என்று சட்டமே பிரித்து வைத்திருந்தது. இது செல்லாது என்று 1954 மே 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பிறந்தவர்தான் ரூபி பிரிட்ஜஸ். அந்தத் தீர்ப்பு அவருடைய நியூ ஆர்லியன்ஸ் நகரப் பள்ளி வாசலை எட்டுவதற்குள் ரூபிக்கு ஆறு வயதாகிவிட்டது!

1960 நவம்பர் 14. மத்திய அரசின் காவல் அதிகாரிகள் நால்வர் துணைவர, வில்லியம் ஃபிரான்ஸ் தொடக்கப்பள்ளிக்குள் ரூபி நுழைந்தார். வெளியே பெருங்கூட்டம் கூச்சலிட்டது. அவருக்கோ அது ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் மார்டி கிரா திருவிழாக் கூட்டம் போலத் தோன்றியதாம். வெள்ளையர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிட்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை, ரூபி ஒருவருக்காகவே வகுப்பு நடத்தினார்.

அந்த நாட்களிலேயே ரூபியைச் சந்தித்துப் பேசி வந்த குழந்தைகள் மனநல மருத்துவர் ராபர்ட் கோல்ஸ், 1995-இல் 'தி ஸ்டோரி ஆஃப் ரூபி பிரிட்ஜஸ்' என்ற படக்கதை நூலை எழுதினார். தன்னைத் திட்டியவர்களுக்காகவே பிரார்த்தனை செய்யும் சிறுமியை அதில் பார்க்கிறோம். மனதைத் தொடும் நூல்தான். ஆனால், அதை மட்டும் படிக்கும் பிள்ளை, 'ரூபிக்குப் பயமே இல்லை, எனக்குத்தான் பயமாக இருக்கிறது' என்று நினைத்துவிடலாம் அல்லவா?

அதற்குப் பதில், ரூபியே எழுதி 1999-இல் வெளிவந்த 'த்ரூ மை ஐஸ்' என்ற நூலில் இருக்கிறது. கூட்டத்தில் ஒருத்தி கறுப்புப் பொம்மையைச் சவப்பெட்டியில் வைத்துக் காட்டியது தன்னை எப்படிப் பயமுறுத்தியது என்று சொல்கிறார். வீட்டிலிருந்து கொண்டுவந்த சாண்ட்விச்சைச் சாப்பிடாமல் வகுப்பறை அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறார். கையில் சாப்பாடு இல்லையென்றால் மற்றப் பிள்ளைகளோடு உணவகத்தில் சாப்பிட விடுவார்கள் என்ற ஆசை! அதன் பிறகு ஹென்றி டீச்சரே அவரோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

ரூபியின் துணிச்சலுக்குப் பின்னால் பலர் இருந்தார்கள். தந்தை பெட்ரோல் நிலைய வேலையை இழந்தார். அண்டை வீட்டார் அவருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். ரூபி போகும் காரின் பின்னாலேயே நடந்தும் வந்தார்கள். அதே நாளில் அதே நகரின் இன்னொரு பள்ளிக்கு மேலும் மூன்று கறுப்பினச் சிறுமிகள் போனதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

சிறு பிள்ளைகளுக்குப் படக்கதை நூலை மடியில் வைத்துப் படித்துக் காட்டலாம். பத்து வயதுக்கு மேல் 'த்ரூ மை ஐஸ்' பொருந்தும். பதின்ம வயதினருக்கு, மெல்பா பட்டில்லோ பீல்ஸ் எழுதிய 'வாரியர்ஸ் டோன்ட் க்ரை' (1994) இருக்கிறது. 1957-இல் லிட்டில் ராக் உயர்நிலைப்பள்ளிக்கு ராணுவப் பாதுகாப்போடு போன ஒன்பது மாணவர்களில் அவரும் ஒருவர். அதில் வன்முறைக் காட்சிகள் இருப்பதால், பெற்றோர் முதலில் படித்துவிடுவது நல்லது.

படித்து முடித்ததும் 'நீ ரூபியாக இருந்தால் என்ன செய்வாய்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'அந்த வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளை நீயாக இருந்தால்?' என்றும் கேட்டுப் பாருங்கள். நம் பிள்ளைகளில் பலருக்கு நாளை பள்ளியில் வரப்போவது அந்த இரண்டாவது கேள்விதான்.