இராமானுஜன் விட்டுவிட்ட எண்

293,318,625,600. பார்வைக்கு இதில் விசேடமாக ஒன்றும் இல்லை. ஆனால் உலகம் போற்றும் ஒரு கணித மேதையின் பட்டியலிலிருந்து தவறிப்போன எண் இது.

ஆரையம்பதியில் வாவி நண்டைக் கூறு போட்டு வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். 24 நண்டு இருந்தால் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு கூறுகளாகச் சமமாகப் பிரிக்கலாம். 25 என்றால் ஐந்து கூறு மட்டும்தான். 1ஐயும் 24ஐயும் சேர்த்தால் 24இற்கு எட்டுக் காரணிகள். அதிலும் சிறிய எந்த எண்ணுக்கும் எட்டு இல்லை. அல்குர்ஆன் கூறும் வாரிசுப் பங்குகளான அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகிய ஆறுக்கும் பொதுப் பகுதியெண் 24தான்.

தன்னிலும் சிறிய எல்லா எண்களையும் விட அதிக காரணிகள் கொண்ட இத்தகைய எண்களைப் பற்றி, கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் 1915இல் நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டார். இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் அது வந்தது. அதற்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. ஊரில் படித்தபோது கணிதம் தவிர்ந்த பாடங்களில் பரீட்சை தவறியவர் அவர். (பெற்றோர் கவனிக்க!)

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ணத் தேவையில்லை. 24 = 2³ × 3. காரணியொன்றை ஆக்கும்போது 2ஐ ஒரு தடவையும் எடுக்காமல் விடலாம். ஒன்று, இரண்டு, மூன்று தடவை எடுக்கலாம். ஆக நான்கு வழி. 3ஐ எடுக்கலாம் அல்லது விடலாம், இரண்டு வழி. 4 × 2 = 8. அதாவது, சுட்டி ஒவ்வொன்றுடனும் 1ஐக் கூட்டிப் பெருக்கினால் போதும்.

இனி நமது எண்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. எனது கணிப்பானில் பத்து இலக்கம்தான் தெரியும். ஆகவே கட்டக் கொப்பியில் கையால் பெருக்கினேன். இரண்டு தடவை பிழைத்தது. "இதை எண்ணி என்ன மகள் செய்யப்போறீங்க?" என்று உம்மா கேட்டார். மூன்றாம் தடவை சரிவந்தது. காரணிகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040.

இராமானுஜனின் பட்டியலில் 4800 காரணிகள் கொண்ட 240,940,299,600 உண்டு. அதற்கு அடுத்ததாக 5376 காரணிகள் கொண்ட 321,253,732,800 வருகிறது. இடையில் இருக்க வேண்டிய நமது எண் இல்லை. எனக்கு இந்த ஒன்றைச் சரிபார்க்கவே ஒரு பின்னேரம் முழுவதும் போயிற்று. அவரோ கணினியில்லாக் காலத்தில் நூறுக்கு மேற்பட்டவற்றைத் தந்திருக்கிறார்.

அந்தப் பட்டியலின் கடைசி எண் 6,746,328,388,800. அதற்கு 10,080 காரணிகள். அதை 23ஆல் வகுத்துப் பாருங்கள். அவர் விட்டுவிட்ட எண்ணே விடையாக வரும்.