செத்தால் யார் எழுதுவது?

1955-ம் ஆண்டின் தொடக்கம். டெல்லியிலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் அனுப்பிய குரங்குகளை லண்டன் விமான நிலையத்தில் இறக்கினார்கள். அடுத்த விமானத்தில் ஏற்றும்வரை ஒரு வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே காற்று போக வழியில்லை. திறந்து பார்த்தபோது 394 குரங்குகள் மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தன. எல்லாம் நம் நாட்டுச் செம்முகக் குரங்குகள்.

அப்போது அமெரிக்காவில் போலியோ தடுப்பூசிக்காகக் குரங்குகள் ஆயிரமாயிரமாகத் தேவைப்பட்டன. பிடித்துக் கொடுத்தது இந்தியா. இந்த 394 சாவு உலகத்துக்குத் தெரியவந்ததற்கு அது நடந்த இடம்தான் காரணம் என்று நினைக்கிறேன். லண்டன் விமான நிலையத்தில் விலங்குகள் தங்கிப் போகவென்றே அந்நாட்டு விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் ஒரு விடுதி நடத்திக்கொண்டிருந்தது. அங்கே எண்ணிப் பார்க்க ஆள் இருந்தது. அதே ஆண்டு இந்திய அரசு குரங்கு ஏற்றுமதியை நிறுத்தியது. பிறகு மருத்துவ ஆராய்ச்சிக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டுத் திறந்துவிட்டது. முழுத்தடை வர 1978 ஆகிவிட்டது.

அதே காலத்தில் நம் நாட்டில் விலங்குகளுக்காகப் பேசியவர் ருக்மிணி தேவி அருண்டேல். மதுரையில் பிறந்து, சென்னையில் கலாக்ஷேத்ராவைக் கட்டி எழுப்பியவர். 1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். மறு ஆண்டே விலங்கு வதைத் தடுப்புக்கென்று ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்றார். அந்த உறுதி 1960-ல் சட்டமாயிற்று. 1962-ல் விலங்கு நல வாரியம் உருவானபோது அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகமும் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு, ஒரு விலங்கைத் தேவையில்லாத வலி உண்டாகும்படி ஏற்றிச் செல்வதைக் குற்றம் என்கிறது. ஆகாய மார்க்கமும் அதில் அடங்கும். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. 1960-ல் எழுதிய அந்த 50 ரூபாய் உச்சவரம்பு இன்றும் அப்படியே நிற்கிறது. 1978-ல் வந்த விலங்குப் போக்குவரத்து விதிகள், நாயோ பூனையோ ரயிலிலோ கப்பலிலோ விமானத்திலோ போனால் கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று கூடவே போக வேண்டும் என்கின்றன. ஏற்றும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. இறக்கும்போது அந்த நாய் உயிரோடு இல்லையென்றால் விமான நிறுவனம் அதை அரசுக்கு எழுதித் தர வேண்டும், அரசு அதை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

இது ஏன் என் மண்டையைக் குடைகிறது என்றால், எங்கள் ஊர்ப்பக்கத்து நிலவரம் அப்படி. காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. பிரான்சில் ஒரு பிள்ளையோ பேத்தியோ இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு. முன்பெல்லாம் கருவாடும் வத்தலும் போகும். இப்போது நாயும் போகிறது. விழிதியூரில் எங்கள் தெருவில் ஒரு அக்கா மகளோடு போய் இருக்கத் தயாரானார். வீட்டு நாயை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசில்லை. நாட்டு நாய்தான், பெயர் மணி.

மணிக்குப் பாஸ்போர்ட் எடுப்பதைவிட அக்காவுக்கு விசா எடுப்பது சுலபமாக இருந்தது. முதலில் கழுத்துத் தோலுக்கடியில் அரிசி அளவு சிப். அதன் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி, முன்னால் போட்டது கணக்கில் சேராது. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நோய் எதிர்ப்பு அளவு ஒரு மில்லிக்கு 0.5 அலகு இருந்தாக வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கடைசியில் சென்னை பள்ளிக்கரணையில் மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் சான்று.

கூண்டுக்கு அளவெடுத்த அன்று நானும் போயிருந்தேன். திண்ணையில் மணியை நிற்கவைத்து டெய்லர் டேப் பிடித்தோம். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு அளவு. தரையிலிருந்து முன்னங்கால் முட்டி வரை ஒரு அளவு, அதில் பாதியை முதல் அளவோடு கூட்டினால் கூண்டின் நீளம். தோள்பட்டை அகலத்தைப் போல இரண்டு மடங்கு கூண்டின் அகலம். நிமிர்ந்து நின்றால் காது நுனி மேலே இடிக்காத உயரம். இது சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் உயிருள்ள விலங்குகளுக்காக வெளியிடும் விதிப்புத்தகத்தின் கணக்கு. உள்ளே நின்று, திரும்பி, இயல்பாகப் படுக்க முடிய வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் கதவில் மாட்டியிருக்க வேண்டும், கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து ஊற்ற வழி வேண்டும். மயக்க மருந்து கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு மந்தமாகும், உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும் சக்தி போய்விடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா ஒன்று கேட்டார்: “இத்தனை காகிதம் நம்மகிட்ட கேக்குறாங்களே தம்பி, நடுவழியில இதுக்கு ஏதாவது ஆயிட்டா அவங்க நமக்கு ஒரு காகிதம் குடுப்பாங்களா?”

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. அது வந்த கதையும் ஒரு நாயிலிருந்துதான் தொடங்குகிறது. 1996 டிசம்பரில் போரிஸ் என்ற நாய் நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்தில் உடைந்த கூண்டிலிருந்து வெளியேறித் தொலைந்துபோனது. வாரக்கணக்கில் தேடித்தான் கண்டுபிடித்தார்கள். அதன் உரிமையாளர் விடவில்லை. செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பெர்க் போன்றவர்கள் மசோதா கொண்டுவந்தார்கள். 2000-ல் நிறைவேறிய விமானப் போக்குவரத்துச் சட்டத்தில் அதன் சாரம் ஒரு பிரிவாகச் சேர்ந்தது. 2005-லிருந்து, செல்லப்பிராணி செத்தாலும் காயம்பட்டாலும் காணாமல்போனாலும் விமான நிறுவனங்கள் மாதாமாதம் போக்குவரத்துத் துறைக்கு எழுதித் தந்தாக வேண்டும். எந்த விமானம், எந்த நாள், எந்த மணி, என்ன இனம், பெயர் என்ன, என்ன நடந்தது, காரணம் என்ன, இனி நடக்காமலிருக்க என்ன செய்தார்கள் என்பது வரை எழுத வேண்டும். துறை அதைப் பயணிகளுக்கான மாத அறிக்கையில் நிறுவனத்தின் பெயரோடு வெளியிடுகிறது.

அதிலும் ஓட்டை இருந்தது. வீட்டில் வளர்க்கும் பிராணி மட்டும்தான் கணக்கு. 2010 ஆகஸ்டில் துல்சாவிலிருந்து சிகாகோ போன விமானத்தில் விற்பனைக்கு அனுப்பிய நாய்க்குட்டிகளில் ஏழு செத்தன. அவை சரக்கு, யாருடைய செல்லமும் இல்லை. ஆகவே எழுத வேண்டியதில்லை என்பது நிலை. விலங்கு உரிமை வழக்கறிஞர்கள் மனு போட்டார்கள். 2015 ஜனவரியிலிருந்து விற்பனைக்குப் போகும் நாயும் பூனையும் கணக்கில் சேர்ந்தன. ஆய்வகத்துக்குப் போகும் குரங்குக்கு இன்றுவரை அந்த அறிக்கையில் இடமில்லை. 1955-ஐ நினைத்தால் இது எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

எழுதி வைப்பதால் உயிர் திரும்பி வந்துவிடுமா என்று கேட்பவர்களுக்கு 2017-ன் கணக்கைக் காட்டுவேன். அந்த ஆண்டு அமெரிக்க நிறுவனங்கள் ஏற்றிச் சென்ற விலங்குகள் 5,06,994. செத்தவை 24. அந்த 24-ல் 18 யுனைடெட் என்ற ஒரே நிறுவனத்தில் செத்தவை. அது ஏற்றியதோ மொத்தத்தில் கால்வாசியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பெயர் போட்டு அச்சிட்டதால்தான் இது கண்ணில் பட்டது. 2018 மார்ச்சில் அதே நிறுவனத்தின் விமானத்தில், பணிப்பெண் சொன்னதன் பேரில் தலைக்கு மேலிருக்கும் பெட்டித் தட்டில் வைக்கப்பட்ட ஒரு ஃபிரெஞ்சு புல்டாக் குட்டி செத்துப்போனது. ஊர் கொதித்தது. சில நாட்களில் அந்த நிறுவனம் சரக்கறையில் பிராணிகளுக்குப் புது முன்பதிவை நிறுத்திவைத்தது. அக்டோபரில், பெட்டித் தட்டில் உயிருள்ள விலங்கை வைக்கக் கூடாது என்று சட்டமே வந்தது. கையில் ஏற்கெனவே கணக்கு இருந்ததால்தான் ஒரு குட்டியின் சாவை ‘ஏதோ ஒரு தவறு’ என்று தள்ளிவிட முடியவில்லை.

இன்னொரு விஷயமும் அந்த அறிக்கைகளிலிருந்து கிடைத்தது. முதல் ஐந்தாண்டுகளில் செத்த 122 நாய்களை எடுத்துப் பார்த்தபோது, ஏறக்குறையப் பாதி மூக்குச் சப்பையான இனங்கள். புல்டாக், பக் மாதிரியானவை. மூச்சுக்குழல் குறுகலாக இருப்பதால் சூட்டில் இளைத்து இளைத்தே செத்துப்போகும். நம் ஊரில் 2003 வாக்கில் வந்த ஒரு செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு பக் நாய் வாங்காத பணக்காரத் தெரு இல்லை. அவற்றில் எத்தனை விமானத்தில் ஏறின, எத்தனை இறங்கின என்று யார் சொல்வார்கள்?

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பறக்கும்போது உயிருள்ள விலங்கு வைக்கும் சரக்கறையில் காற்றழுத்தம் இருக்கும், வெப்பத்தையும் பார்த்துக்கொள்வார்கள். ஆபத்து பெரும்பாலும் தரையில்தான். விமானத்துக்கும் கிடங்குக்கும் நடுவில் தள்ளுவண்டியில் வெயிலில் காத்திருக்கும் நேரம்தான் கொல்கிறது. அமெரிக்க விதிப்படி நாயை ஏற்றி இறக்கும்போது 29.4 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் 45 நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சித்திரை வைகாசியில் சென்னையில் காலையிலேயே அந்தச் சூடு வந்துவிடும். எங்கள் பக்கத்து நாய்கள் பாரிஸ் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் ஏதாவதொரு அரபு நகரத்தில் விமானம் மாற வேண்டும். அந்த 394 குரங்குகள் செத்ததும் விமானம் மாறுகிற இடைவெளியில்தான்.

நம் நாட்டிலும் இப்போது விமானத்தில் பிராணிகளுக்கு வழி திறந்துவருகிறது. ஏர் இந்தியா நெடுங்காலமாக ஏற்றுகிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பரிலிருந்து பயணிகள் அறையிலேயே அனுமதிக்கிறது. விமானப் போக்குவரத்து இயக்ககம் ஒவ்வொரு மாதமும் அறிக்கை போடுகிறது. எத்தனை பேர் பறந்தார்கள், எத்தனை விமானம் ரத்து, எத்தனை பேர் புகார் சொன்னார்கள், அதில் பெட்டி பற்றி எத்தனை, பணம் திருப்புவது பற்றி எத்தனை, ஊழியர் நடத்தை பற்றி எத்தனை என்று பத்தி பத்தியாக இருக்கும். உணவுக்குக்கூட ஒரு பத்தி உண்டு. செத்த, காயம்பட்ட, தொலைந்த பிராணிக்குப் பத்தி கிடையாது.

2023 செப்டம்பரில் பாங்காக்கிலிருந்து பெங்களூருக்கு வந்த பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்தபோது பாம்புகளோடு ஆறு கபுச்சின் குரங்குகள் செத்துக் கிடந்தன. 2019 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பயணியின் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கிலோ சொச்சம் எடையில் சிறுத்தைக்குட்டி உயிரோடு கிடைத்து வண்டலூருக்குப் போனது. இவையெல்லாம் நமக்குத் தெரியக் காரணம், பிடித்தால் மகஜர் எழுத வேண்டும் என்று சுங்கச் சட்டம் சொல்வதுதான். திருட்டுத்தனமாக வந்த குரங்கின் சாவு அரசாங்கக் காகிதத்தில் ஏறுகிறது. கட்டணம் கட்டி, சான்று வாங்கி, அளவெடுத்த கூண்டில் வந்த நாயின் சாவு ஏறுவதில்லை. இதை நான் ஏற்க மாட்டேன்.

புதிதாகப் பெரிய அலுவலகம் எதுவும் திறக்க வேண்டியதில்லை. சரக்காக ஒரு நாய் ஏறும்போதே ஏர்வே பில் இருக்கிறது, அனுப்புகிறவரின் உறுதிமொழி இருக்கிறது, கூண்டைப் பார்த்து ஊழியர் நிரப்பும் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. உயிருள்ள விலங்கு கீழே இருக்கிறது என்று விமானிக்கே எழுத்தில் தகவல் போகிறது. இத்தனை காகிதத்தோடு, போய்ச் சேர்ந்த நிலை என்ன என்று ஒரு வரி, மாதக் கடைசியில் நிறுவனவாரியாக ஒரு பத்தி. இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். இயக்ககம் நினைத்தால் இந்த ஆண்டே செய்யலாம்.

அதுவரை நாம்தான் எழுத வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பொருந்தும் மான்ட்ரியால் உடன்படிக்கையில் 2009-லிருந்து இந்தியாவும் உண்டு. அதன் கண்ணுக்கு நாயும் ஒரு சாமான்தான், நஷ்டஈடும் அந்த வரம்புக்குள்தான். சரக்கின் இயல்பான குறையால் சேதம் என்று நிறுவனம் நிரூபித்தால் சரக்குக்கு அதுவும் இல்லை. குறையைச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால் நல்ல நிலையில் ஒப்படைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அக்காவிடம் நான் சொன்னது இதுதான். ஏற்றும் இடத்தில் கூண்டோடு மணியைப் படம் எடுங்கள், தேதியும் நேரமும் தெரியட்டும். இறக்கும் இடத்தில் கதவைத் திறந்து அது எழுந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுங்கள். பல்லையும் நகத்தையும் பாருங்கள், பயத்தில் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. ரத்தம் தெரிந்தால் ரசீதிலேயே எழுதுங்கள். கூடவந்த பெட்டியாகப் பதிந்திருந்தால் 7 நாளுக்குள், சரக்காக அனுப்பியிருந்தால் 14 நாளுக்குள் எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். உயிரே போயிருந்தால் உடலை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள், பிரேதப் பரிசோதனை கேளுங்கள். சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புகாரின் நகல் ஒன்றை ஏர்சேவா தளத்திலும் பதியுங்கள்.