சிமுலேட்டர்ல பேசுது, போர்டுல ஏன் பேச மாட்டேங்குது?

சீரியல் கம்யூனிகேஷன் பழகுறவங்க கிட்ட இருந்து எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "அதே புரோகிராம், அதே வயரிங். சிமுலேட்டர்ல எழுத்து அழகா வருது. நிஜ போர்டுல குப்பையா வருது, இல்லைன்னா ஒண்ணுமே வரலை. ஏன்?" இந்த எபிசோடில் அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல இது வேலை செய்யுற விதம். ஆர்டுயினோ ஊனோ போர்டில் உள்ள யூஆர்ட், ஒரே கம்பியில் ஒவ்வொரு பிட்டாக அனுப்பும். சும்மா இருக்கும்போது கம்பி ஹை நிலையில் இருக்கும். ஒரு பிட் நேரம் லோவுக்கு இறங்கினா, அது ஸ்டார்ட் பிட். அடுத்து 8 டேட்டா பிட், கடைசியில் ஒரு ஸ்டாப் பிட். ஆக, ஒரு எழுத்துக்கு 10 பிட். 9600 பாட் என்றால் ஒரு பிட்டுக்கு சுமார் 104 மைக்ரோசெகண்ட். ஒரு செகண்டுக்கு அதிகபட்சம் 960 எழுத்து.

கவனிச்சீங்களா, இதில் கிளாக்குக்குன்னு தனி கம்பி கிடையாது. ஸ்டார்ட் பிட்டைப் பார்த்ததும், வாங்குற போர்டு தன்னோட சொந்தக் கடிகாரத்தை வச்சு எண்ணி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் படிக்கும். பத்து பிட் முடியறதுக்குள்ள அரை பிட் விலகிட்டா, பக்கத்து பிட்டைப் படிச்சிடும். அதனால ரெண்டு கடிகாரத்துக்கும் நடுவே கணக்குப்படி 5 சதவீத வித்தியாசம்தான் எல்லை. நடைமுறையில் 2 சதவீதத்துக்குள்ள வச்சுக்கறது நல்லது.

சிமுலேட்டர்ல ரெண்டு போர்டும் ஒரே சாஃப்ட்வேர் கடிகாரத்தில் ஓடுது. விலகலுக்கு வழியே இல்லை. நிஜத்துல அப்படி இல்லை. ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸை முழு எண்ணால் வகுத்துதான் பாட் ரேட் உருவாகுது. 9600 கேட்டா பிழை 0.2 சதவீதம்தான். 115200 கேட்டா கிடைக்கிறது சுமார் 117647, அதாவது 2.1 சதவீதம் அதிகம். பெரும்பாலும் ஓடிடும். ஆனா எதிர்ப்பக்கம் இருக்கிற போர்டு மெதுவா ஓடினா சிக்கல். கிரிஸ்டல் இல்லாம, சிப்போட உள் ஆஸிலேட்டரை நம்பி ஓட்டினா இன்னும் மோசம். ஏட்மெகா328பி சிப்புக்கு ஃபேக்டரி அளவீட்டில் 10 சதவீதம் வரை விலகல் இருக்கலாம். அதனால குப்பை எழுத்து வந்தா, முதல்ல ரெண்டு பக்கமும் ஒரே பாட் ரேட் தானான்னு பாருங்க. அப்புறம் 9600க்கு இறக்கிப் பாருங்க.

எழுத்தே வரலைன்னா, அது பெரும்பாலும் வயரிங் விஷயம். ஒருத்தரோட டிஎக்ஸ், மற்றவரோட ஆர்எக்ஸுக்குப் போகணும். அதை விட முக்கியம் கிரவுண்ட். ரெண்டு போர்டுக்கும் தனித்தனி பேட்டரின்னா, ரெண்டோட கிரவுண்டையும் ஒரு கம்பியால் இணைச்சே ஆகணும். எது ஹை, எது லோன்னு முடிவாகறது கிரவுண்டை வச்சுத்தான். பல சிமுலேட்டர்கள்ல இந்தக் கம்பியை விட்டாலும் ஓடும். அதனால பழகுறவங்களுக்கு இது நினைவிலேயே நிக்காது.

அடுத்தது வோல்டேஜ். ஊனோ 5 வோல்ட், ஈஎஸ்பி32 3.3 வோல்ட். ஊனோவின் டிஎக்ஸை நேரா ஈஎஸ்பி32 ஆர்எக்ஸில் கொடுத்தா, திரையில் ஒண்ணும் ஆகாது, கையில் இருக்கிற சிப் போயிடலாம். 1 கிலோஓம், 2 கிலோஓம் ரெசிஸ்டர் ரெண்டை டிவைடரா போட்டா 3.3 வோல்ட்டுக்கு இறங்கிடும். எதிர்த்திசையில் ஊனோ 3 வோல்ட்டுக்கு மேலேயே ஹைன்னு எடுத்துக்கும், அதனால நேரா கொடுக்கலாம்.

இன்னொண்ணு. ஊனோவில் 0, 1 பின்கள் யூஎஸ்பியோட பங்குபோடுற பின்கள். அதில் வேற போர்டை மாட்டி வச்சிருந்தா புரோகிராம் அப்லோடே ஆகாம போகலாம். அப்லோட் பண்ணும்போது கம்பியைக் கழற்றிடுங்க.

எங்கே பிரச்சினைன்னு பிரிச்சுப் பார்க்க எளிய வழி: யூஎஸ்பி சீரியல் மாட்யூல் ஒண்ணோட டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு சின்ன வயரால் இணைச்சு, டெர்மினலில் டைப் பண்ணுங்க. அடிச்ச எழுத்து திரும்பி வந்தா கம்ப்யூட்டர் பக்கம் சரி. மிச்சத்தை போர்டு பக்கம் தேடலாம்.

சிமுலேட்டர் உங்க லாஜிக் சரியான்னு சொல்லும். கம்பி, வோல்ட், கடிகாரம் மூணையும் நீங்கதான் பார்த்தாகணும்.