மீட்டர் மாற்ற வருகிறார்களா? முதலில் ஒரு போட்டோ எடுங்கள்

ஈபி பாக்ஸைத் திறந்து மீட்டரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக்கொண்டிருக்கும். ஃபிரிட்ஜ் மட்டும் ஓடினால் நிதானமாக, ஏசி போட்டால் படபடவென்று. வீட்டு மெயினை அணைத்த பிறகும் அது விட்டுவிட்டு மின்னினால், உங்கள் மீட்டர் வழியாக வேறெங்கோ கரண்ட் போகிறது. ‘ஈஎல்’ என்று எழுதிய விளக்கு எரிந்தால் எர்த்தில் கசிவு இருக்கலாம். அல்லது பக்கத்து போர்ஷனின் நியூட்ரலும் உங்கள் நியூட்ரலும் ஒயரிங்கில் கலந்திருக்கலாம். பேஸ், நியூட்ரல் இரண்டில் எதில் அதிகம் ஓடுகிறதோ அதைத்தான் இந்த மீட்டர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பில் எகிறும்போது நாம் உடனே மீட்டரைத்தான் சந்தேகிக்கிறோம். பல வீடுகளில் கோளாறு சுவருக்குள் இருக்கிறது.

இதை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டியதற்குக் காரணம் உண்டு. சென்னை தியாகராய நகரில் முன்னோட்டமாகப் பொருத்தப்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள், மத்திய அரசு 2021-ல் தொடங்கிய மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் வழியே மற்ற ஊர்களுக்கும் வரவிருக்கின்றன. ரீடிங் எடுக்க ஆள் வரமாட்டார். மீட்டரே கணக்கை அனுப்பிவிடும்.

இதில் நமக்கு உண்மையான லாபம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் முதல் நூறுக்கு அடுத்த யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும். 500-லிருந்து 501-க்குப் போகும் அந்த ஒரே யூனிட்டால் பில் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுகிறது. ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 8 யூனிட் ஓடுகிறது என்று வையுங்கள். 60 நாளில் 480. ரீடிங் எடுப்பவர் நான்கு நாள் தள்ளி வந்தால் 512. வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை. சரியான தேதியில் கணக்கை மூடும் மீட்டர் இந்த அநியாயத்தை நிறுத்தும்.

ஆனால் மாற்றும் நாளில் கவனமாக இருங்கள். பழைய மீட்டரைக் கழற்றுமுன் அதன் கடைசி ரீடிங்கும் மீட்டர் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுங்கள். புது மீட்டரின் தொடக்க ரீடிங்கையும் அப்படியே. வந்தவரிடம் இரண்டையும் தாளில் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். பழைய மீட்டர் போன பிறகு அதில் என்ன இருந்தது என்று வாதாடுவதற்கு உங்களிடம் வேறு சாட்சி கிடையாது. வீட்டில் வயதானவர்கள் தனியாக இருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாவது இதைச் செய்து கொடுக்கலாம்.

அடுத்தது மின்பளு. உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட பளு 2 கிலோவாட்டாக இருக்கலாம். காலையில் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, ஏசி மூன்றும் சேர்ந்தால் அதை எளிதில் தாண்டும். ஸ்மார்ட் மீட்டர் அந்த உச்சத்தைப் பதிந்துவிடும். இதற்காகத்தான் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2023 ஜூனில் ஒரு பாதுகாப்பு சேர்த்தார்கள். புது மீட்டர் காட்டும் உச்சத்தை வைத்து, அது பொருத்தப்படுவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக்கூடாது. அனுமதித்த பளுவை உயர்த்துவதென்றால், ஒரு நிதியாண்டில் குறைந்தது 3 முறை அதை மீறியிருக்க வேண்டும். அப்போதும் மாதாந்திர உச்சங்களில் குறைந்ததையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று நினைத்தால் புகார் கொடுங்கள். 2024 பிப்ரவரித் திருத்தப்படி 5 நாளுக்குள் சரிபார்ப்பு மீட்டர் வைத்து, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அதே திருத்தம் மொட்டைமாடி சோலாருக்கும் வழி திறந்திருக்கிறது. 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வில்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். பிரதமரின் சூரியவீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அடுக்குமாடிச் சங்கங்கள் லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு ஆகியவற்றுக்காக அமைத்தால் கிலோவாட்டுக்கு 18,000. மொட்டைமாடி எல்லோருக்கும் பொது என்பதால் முதலில் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்துவிட்டுப் பலகை வைக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கு ஒரு முறையோ அதற்கும் அடிக்கடியோ மின்பயன்பாட்டைப் பதிந்துகொள்கிறது. நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள், எந்த வாரம் ஊருக்குப் போனீர்கள் என்பதெல்லாம் அந்த எண்களில் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. இந்த விவரம் யார் கையில் இருக்கிறது, யாருக்குத் தரப்படுகிறது என்று மின்வாரியத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஸ்மார்ட் மீட்டர் செயலியின் கடவுச்சொல்லை வீட்டுக்கு வரும் ஆட்களிடம் சொல்லாதீர்கள்.

மோசடிக்காரர்களும் மின்சாரத்தின் பெயரைச் சொல்லி வருகிறார்கள். “இன்று இரவு 9.30-க்கு உங்கள் கரண்ட் கட், உடனே இந்த நம்பருக்குப் பேசவும்” என்று மெசேஜ் வந்தால் அது பொய். மின்சாரச் சட்டம் 2003-ன் 56-வது பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் முழுதாக 15 நாள் எழுத்துமூல அறிவிப்புத் தரச் சொல்கிறது. லிங்க்கைத் தொடாதீர்கள், அனுப்பும் செயலியை இறக்காதீர்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

மற்ற புகார்களுக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துவையுங்கள். அங்கே தீராவிட்டால், உங்கள் மின்பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. அதற்கும் மேலே மின்குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

வெயில் நேரத்தில் விலை குறைவு, மாலை உச்ச நேரத்தில் கூடுதல் என்னும் நேரவாரிக் கட்டணத்தையும் மத்திய விதிகள் சொல்கின்றன. மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து திரும்பி அடுப்பையும் விளக்கையும் ஏற்றுகிற வீட்டால் அந்த நேரத்தைத் தள்ளிப்போட முடியாது. கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். நிர்ணயிக்கும் முன் அது மக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும். அந்த அறிவிப்பு வரும்போது, உங்கள் வீட்டில் எந்த நேரத்தில் எது ஓடுகிறது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்.