லாரியே வராத பாதை!

சென்ற ஆண்டு, பிரான்சில் துலூஸ் நகரில் வசிக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'கால்வாய்க் கரையில சைக்கிள் ஓட்டலாம், வாங்க அத்தை' என்றார் மாப்பிள்ளை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 15 வருடங்களுக்கு முன், லாரி ஒன்று உரசிச் சாய்த்த நாளோடு சைக்கிளைத் தொடுவதையே விட்டவள் நான்!

'அங்க லாரி என்ன, பைக் கூட வராது' என்று சொல்லி, சைக்கிள்களோடு ரயிலேற்றி, கஸ்தெல்நோதாரி என்ற ஊரில் இறக்கினார். அங்கே ஓடுவது, 1681ல் வெட்டி முடித்த 'கனால் து மிதி' கால்வாய், 240 கி.மீ., நீளம். அந்தக் காலத்தில் குதிரைகள் கரையோடு நடந்து படகை இழுக்குமாம். அந்தப் பாதையில்தான் இன்று சைக்கிள் ஓட்டுகின்றனர். நாங்கள் போன இடத்தில் தார் கிடையாது, மண்ணும், சரளைக்கல்லும்தான். அதற்கென்றே அகல டயர் வைத்த சைக்கிள்.

முதல் பத்து நிமிடம், ஹார்ன் சத்தம் கேட்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கேட்டதெல்லாம், டயருக்கடியில் கல் நொறுங்குவதும், மதகில் தண்ணீர் விழுவதும்தான். மர வேர் புடைத்த இடங்களில் மட்டும் இடுப்பு, 'நச்'சென்றது. நிழலும் சில இடங்களில் இல்லை. 2006ல் கண்டுபிடித்த பூஞ்சை நோயால், ஆயிரக்கணக்கான பிளேன் மரங்களை வெட்டி விட்டார்களாம்.

12 கி.மீ., ஓட்டினேன் என்று போன் செய்தால், என் வீட்டுக்காரர் நம்பவே இல்லை. ஊர் திரும்பியதும், மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்து விட்டேன். தெருமுனை வரை போகிறேன். மெயின் ரோட்டுக்குப் போகத்தான் இன்னும் தைரியம் வரவில்லை!

— ஒரு வாசகி, திருச்சி.