விலங்கியற் கல்வியிற் களப்பயிற்சி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. ஏட்டை இகழ்வது இதன் கருத்தன்று. ஏட்டிற் கற்றதை மண்ணில் இட்டு வளர்த்துப் பார்க்கும்வரை அக்கல்வி நிறைவுறாது என்பதே கருத்தாகும். கல்வித் துறைகள் பலவற்றுள்ளும் இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படுவது, உயிர்வாழும் விலங்குகளையும் அவற்றின் சூழலையும் ஆராயும் துறைகளிலேயாம்.

மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர் வைத்தியசாலையிற் பயிற்சி பெறாது தனித்துத் தொழில் புரிய இயலாது. நோயாளியின் நாடியைத் தொட்டறியாத கையில் உயிரை ஒப்புவித்தல் தகாது என்பதை உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் விலங்குகளின் உயிரையும், காடு கடல்களின் நலத்தையும் காக்க வேண்டியவர்களுக்கு இத்தகைய பயிற்சி வேண்டுமென்ற எண்ணம் காலந்தாழ்த்தியே உருவாயிற்று. சாடியில் இட்ட தவளையையும் படத்தில் வரைந்த ஈரலையும் மட்டும் கண்டு பட்டம் பெற்றவர் பலர். அத்தகையவர் களத்தில் இறங்கும்போது நிகழ்வது யாது? கடலாமை ஒன்றின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்கலாம்.

தமிழகக் கரையோரத்து மீனவர் பங்குனி ஆமை என வழங்கும் சிறிய கடலாமை, ஆண்டுதோறும் சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள மாதங்களிற் சென்னைக் கடற்கரையில் இரவிலே கரையேறும். பின்னங்கால்களால் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்திற் குடுவை வடிவான குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். பின்னர் அம்முட்டைகளைத் திரும்பிப் பாராது. நாய்களும் மனிதரும் முட்டைகளைத் தோண்டி எடுப்பர். எஞ்சியவை 45 முதல் 60 நாள்களிற் பொரிக்க, வெளிவரும் குஞ்சுகள் ஒளி மிக்க திசையைக் கடலெனக் கொண்டு ஓடும். இயற்கையில் இரவிற் கடலின் அடிவானே ஒளி மிக்கது; நகரத்திலோ வீதி விளக்குகளே ஒளி மிக்கவை. ஆதலின் குஞ்சுகள் திசை மயங்கி வீதியை நோக்கிச் சென்று மடியும்.

இந்நிலை கண்டு, 1970களின் தொடக்கத்திற் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த இளைஞர் சிலர் இரவிற் கரையோரம் நடந்து முட்டைகளைக் காக்கத் தலைப்பட்டனர். 1988ஆம் ஆண்டிற் கல்லூரி மாணவர் தாமே கூடி, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றைத் தொடங்கினர். நீலாங்கரையிலிருந்து பெசன்ற் நகர் வரையுள்ள ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் கரையை அவர்கள் நள்ளிரவின் பின் நடந்து கடப்பர். ஆமையின் சுவடு கண்டவிடத்து மெல்லிய கோலால் மணலைத் தொட்டுப் பார்ப்பர். மணல் இளகும் இடமே முட்டைக் குழியாம். கோல் சிறிது மிகுதியாக அழுந்தினால் முட்டை உடையும். எவ்வளவு அழுத்தலாம் என்பதை எந்நூலும் கற்பிக்க இயலாது. மூத்த மாணவரின் அருகிருந்து கையாற் பழகியே அதனை அறிதல் வேண்டும்.

எடுத்த முட்டைகளை வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்திலும் அதே வடிவிலும் அமைந்த குழியில் இடுவர். இதனைச் சில மணி நேரத்துள் முடித்தல் வேண்டும். காலம் தாழ்ப்பின் கரு முட்டையோட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் பின்னர் முட்டையைப் புரட்டினாற் கரு அழியும். இரக்கம் மிகுந்த ஒருவர் மறுநாட் காலையில் முட்டைகளை அள்ளிச் செல்வாராயின், அவர் காப்பாற்றுவதாக எண்ணிக் கொல்பவரே ஆவார்.

இதனினும் நுண்ணியது மற்றொன்று உளது. மனிதரிற் போலக் கடலாமையில் ஆண் பெண் என்னும் வேறுபாடு கருவுறும்போதே முடிவாவதில்லை. முட்டை கிடக்கும் மணலின் வெப்பமே அதனை முடிவு செய்கின்றது. ஊர்வனவற்றில் இத்தகைய இயல்பு உண்டு என்பதை 1966இற் செனகல் நாட்டிலே ஓணான் இனம் ஒன்றில் ஆராய்ந்த மடலேன் சார்னியே என்னும் அம்மையார் வெளியிட்டார். கடலாமைகளில் ஏறத்தாழ 29 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பநிலையில் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். வெப்பம் மிகுமாயிற் பெண் குஞ்சுகளும், குறையுமாயின் ஆண் குஞ்சுகளும் மிகும். இவ்வுண்மை பரவுமுன்னர், உலகின் பல இடங்களில் நல்லெண்ணம் கொண்டோர் முட்டைகளைப் பெட்டிகளில் இட்டு நிழலிலே பொரிக்கச் செய்தனர். அவ்வாறு செய்வது ஆண் குஞ்சுகளையே மிகுவிக்கக் கூடும் என 1980இல் ஆய்வாளர் எச்சரித்தனர். ஆயிரம் குஞ்சுகளைக் கடலில் விட்டவர் மகிழ்ந்திருப்பர். அவற்றுள் முட்டையிட வல்லது ஒன்றேனும் உண்டோ என வினவியவர் சிலரே. வெப்பமானியை மணலிற் புதைத்து நாள்தோறும் அளவெடுத்து ஏட்டிற் பதியும் மாணவரின் எளிய பணி இங்கேதான் பெருமை பெறுகின்றது. பூவுலகின் வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில் அப்பதிவின் மதிப்பு மேலும் உயர்ந்துள்ளது.

களத்திற் கற்றவர் எத்துணை தூரம் செல்லலாம் என்பதற்குச் சதீசு பாசுகர் என்பார் சான்றாவர். சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பொறியியல் பயில வந்த அவர், வகுப்பறையினும் கடற்கரையையே மிகுதியும் நாடினார். பின்னர் இந்தியக் கரையோரத்தில் நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஆமைகள் முட்டையிடும் இடங்களைக் கணக்கெடுத்தார். இலட்சத்தீவுகளுட் சுகேலி என்னும் ஆளற்ற தீவிலே பேராமைகள் மழைக்காலத்தில் முட்டையிடும். அக்காலத்தில் அங்கு படகு செல்லாது. ஆதலின் 1982இல் மழை தொடங்குமுன்னரே அங்குச் சென்று, மாதக்கணக்காகத் தனித்திருந்து அவற்றை ஆராய்ந்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் போத்தலில் அடைத்து யூலை மாதத்திற் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையை அடைந்தது. கண்டெடுத்த மீனவர் ஒருவர் அதனைத் தபாலிற் சேர்த்து உரியவரிடம் கிடைக்கச் செய்தார். பாசுகர் 2023இற் காலமானார். அவர் கால்நடையாகத் திரட்டிய செய்திகளே இந்தியக் கடலாமை ஆய்வுக்கு அடித்தளமாயின.

தனியொருவரின் ஆர்வத்தால் மட்டும் இத்தகையோர் தொடர்ந்து தோன்றுவர் என எதிர்பார்த்தல் இயலாது. பயிற்சியை ஒழுங்காக அமைத்தற்கு யேர்சித் தீவின் விலங்குக் காட்சிச்சாலை எடுத்துக்காட்டாகும். யெரால்ட் டரல் 1959இல் நிறுவிய அச்சாலையில், அருகிவரும் விலங்குகள் வாழும் நாடுகளின் இளைஞரை அழைத்துப் பயிற்றும் முறை பின்னர் ஏற்பட்டது. 1977இல் முதலிற் பயிற்சி பெற்றவர் மொறீசியசு நாட்டினர். அந்நாட்டின் வல்லூறு இனத்திற் காட்டில் எஞ்சியவையாக 1974இல் அறியப்பட்டவை நான்கு பறவைகளே. முட்டைகளை எடுத்துக் கருவியால் அடைகாத்தும், தாய்ப்பறவையை மீண்டும் முட்டையிடச் செய்தும், வளர்ந்தவற்றைக் காட்டில் விட்டும் உழைத்ததனால் அவ்வினம் பின்னர் நூற்றுக்கணக்கிற் பெருகியது. முதற் பயிற்சி பெற்றவரோ தம் நாட்டின் தேசிய பூங்காச் சேவைக்குத் தலைமை தாங்கினார். பயிற்சி பெற்றவர் தம் நாட்டுக்கே மீண்டு தலைமை ஏற்றல் இம்முறையின் தலையாய பயனாகும்.

இனி, நல்ல களப்பயிற்சிக்கு வேண்டுவன யாவை? முதலாவது, அறிந்தவர் ஒருவரின் மேற்பார்வை. மேற்பார்வையற்ற மாணவர் விலங்குக்கும் தமக்கும் தீங்கு விளைப்பர். இரண்டாவது, பதிவு. நாளும் நேரமும் அளவும் குறிக்கப்படாத உழைப்பு மணலிற் பதிந்த சுவட்டையே ஒக்கும். மூன்றாவது, விலங்கின் நலமே முதன்மை என்னும் நெறி. பொரித்த ஆமைக்குஞ்சு முதல் ஓரிரு நாள்களில் ஓயாது நீந்தி ஆழ்கடலை அடைதற்குரிய ஆற்றலுடன் பிறக்கின்றது. காண வருவோரின் மகிழ்ச்சிக்காக அதனைத் தொட்டியில் வைத்திருந்தால் அவ்வாற்றல் வீணாகின்றது. பயில்வோரின் இன்பத்துக்காக விலங்கை வருத்துவது பயிற்சியாகாது.

நான்காவது, பொருள் வசதி. உலகிற் பல இடங்களில் இத்தகைய பயிற்சி ஊதியமின்றியே அளிக்கப்படுகின்றது. சிலவிடங்களிற் பயில்வோரே கட்டணம் செலுத்த வேண்டியும் உள்ளது. இதனாற் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் அயல்நாட்டினரும் நம் கரைகளிற் பயில, கரையோரக் கிராமத்திற் பிறந்து கடலின் இயல்பை இளமை முதலே அறிந்த மாணவர் விலகி நிற்க நேர்கின்றது. உணவும் உறைவிடமும் வழிச்செலவும் அளிக்கப்படுமாயின் இக்குறை பெரிதும் நீங்கும். இது தருமமன்று, அறிவைப் பெருக்குதற்கு இடும் முதலாகும்.

உலகிலுள்ள ஏழு கடலாமை இனங்களுள் பேராமை, சிற்றாமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை, பெருந்தலை ஆமை என ஐந்தும் இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. சென்னை மாணவர் நள்ளிரவில் தேடும் பங்குனி ஆமை நம்மவர் அறிந்த சிற்றாமையே. ஆராய்தற்குரிய பொருள் கைக்கெட்டும் தூரத்திலேயே உளது. குஞ்சாகக் கடல் புகுந்த பெண்ணாமை பல ஆண்டுகள் கழிந்த பின்னரே தான் பிறந்த கரைப்பகுதிக்கு முட்டையிட மீளும். இன்று மணலில் வெப்பம் அளக்கும் மாணவர் தம் உழைப்பின் பயனைத் தம் நடுவயதிலேயே காண்பர். அத்துணைக் காலம் பொறுத்திருக்கும் மனப்பான்மையை வளர்ப்பதும் களப்பயிற்சியின் பயன்களுள் ஒன்றாகும்.