நிறம் அப்புறம், முதலில் ப்ரைமர்

பெயின்ட் கடையில் முதலில் என்ன நிறம் வேண்டும் என்று கேட்பார்கள் என்று நினைத்துப் போனேன். அவர் கேட்டது ஜிப் கோடு. சான் ரமோன், 94583 என்றேன். நான் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த அலமாரியைக் காட்டி, இதெல்லாம் உங்க ஊருக்குக் கிடையாது என்று சொல்லி, அடுத்த வரிசைக்கு அழைத்துப் போனார்.

எங்கள் கராஜில் இரண்டு வருடமாக ஒரு 'ட்ரையம்ப் ஹெரால்டு 1200' நிற்கிறது. அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்து அமெரிக்காவுக்கு வந்த வண்டி. பெயர் வேறாகத் தெரிந்தாலும் நமக்கு அது அந்நியம் இல்லை. இதே காரைத்தான் 1961-லிருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரித்தது. அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே கார்கள் சாலையில் ஓடிய காலம். அப்பாவிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே விற்றுவிட்டார். அவருக்கு இப்போது 84 வயது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உடம்பைப் பற்றிக் கேட்டால், "அதை விடு, வண்டி எப்போடா ஓடும்?" என்பார்.

அந்த அவசரத்தில்தான் நான் தப்பு செய்தேன். முதல் வருடம் பானெட்டைச் சுரண்டி, கையில் கிடைத்த ஸ்ப்ரே டப்பா ப்ரைமரை அடித்துவிட்டு, மழைக்காலம் முடியட்டும் என்று மூலையில் சாத்தி வைத்தேன். மார்ச்சில் எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தின் மேல் காப்பிக் கறை போலத் துரு. ப்ரைமர் அடித்துவிட்டால் இரும்பு தப்பித்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சாதாரண ப்ரைமர் பஞ்சு மாதிரி, ஈரத்தை உள்ளே விடும். மேலே பெயின்ட் வராமல் மாதக்கணக்கில் விட்டால் அடியில் இரும்பு அரிக்கத் தொடங்கிவிடும். ஒரு வருட உழைப்பு போயிற்று. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

அதன்பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை, இதே ஆசையில் கராஜில் ஏதோ ஒரு பழைய வண்டியை நிறுத்தி வைத்திருக்கும் நம்மவர்களுக்காகச் சொல்கிறேன்.

வெறும் இரும்பின் மேல் முதலில் போக வேண்டியது எபாக்சி ப்ரைமர். இரண்டு பாகமாக வரும், கலந்தால் இறுகும். ஈரத்தை விடாது, இரும்பையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு வகை 'எட்ச்' ப்ரைமர். அதில் இருக்கும் அமிலம் இரும்பைக் கடித்துப் பிடிக்கும். இரண்டும் நல்லதென்று ஒன்றின் மேல் ஒன்றை அடிக்கக் கூடாது. அமிலம் எபாக்சியை ஒழுங்காக இறுக விடாது என்பதால், பல தயாரிப்பாளர்கள் எட்சின் மேல் எபாக்சி வேண்டாம் என்றே எழுதியிருப்பார்கள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் எபாக்சிக்குப் போனேன். பட்டி பார்ப்பதையும் அதன் மேலேயே செய்யலாம் என்பது கூடுதல் வசதி.

அடுத்தது கனமான ப்ரைமர், ஹை பில்டு என்பார்கள். இதன் வேலை துருவைத் தடுப்பது அல்ல, மேடு பள்ளத்தைச் சமன் செய்வது. இதன் மேல் கறுப்புப் பொடியைத் தூவிவிட்டு, கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி 320-இல் தொடங்கி 400, 600 என்று தேய்க்க வேண்டும். பள்ளம் இருக்கும் இடத்தில் கறுப்பு அப்படியே நிற்கும். புதுப்பேட்டையில் டிங்கரிங் செய்பவர்கள் கண்ணை மூடி உள்ளங்கையால் தடவியே பள்ளத்தைக் கண்டுபிடிப்பார்கள். நமக்கு அந்தக் கை இல்லை, பொடிதான் துணை.

குளிர்காலத்தில் அவசரப்படாதீர்கள். 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே பல எபாக்சிகள் சரியாக இறுகாது. டிசம்பரில் எங்கள் கராஜ் அந்தச் சூட்டைத் தொடுவதே அபூர்வம். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் எத்தனை நாள் இடைவெளி என்பது டப்பாவோடு வரும் தகவல் தாளில் இருக்கும். அந்தக் கெடு தாண்டினால் மறுபடி தேய்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் உலர வைத்துத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். அந்தத் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் விடாதீர்கள், அது ஓடைக்குப் போகிறது.

ஜிப் கோடு விஷயத்துக்கு வருகிறேன். பெயின்ட்டிலிருந்து ஆவியாகும் கரிமப் பொருட்கள் வெயிலில் ஓசோன் உருவாகக் காரணமாகின்றன. கோடையில் டியாப்லோ மலை புகை மூட்டத்தில் மங்கும் நாட்களில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. கலிஃபோர்னியா காற்று வள வாரியம் 2005-இல் வகுத்த மாதிரி விதியில் ப்ரைமருக்கு லிட்டருக்கு 250 கிராம், நிறப் பூச்சுக்கு 420, மேலே வரும் தெளிபூச்சுக்கு 250, தெளிபூச்சு தேவைப்படாத ஒற்றைப் பூச்சுக்கு 340 என்று உச்சவரம்பு வைத்தார்கள். பே ஏரியாவில் வண்டிக்குப் பெயின்ட் அடிப்பதற்கென்றே காற்றுத் தர மேலாண்மை மாவட்டத்தின் தனி விதி இருக்கிறது. டெக்சாஸில் இருக்கும் மச்சான் யூடியூபில் பார்த்து அனுப்பும் பெயின்ட் இங்கே கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இன்றைய நல்ல பெயின்ட்களில் பெரும்பாலானவற்றின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. 1984-இல் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். இது அதே பொருள் அல்ல, ஆனால் அதே குடும்பம். ஸ்ப்ரே செய்யும்போது வரும் பனியை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், அப்புறம் துளி பட்டாலே மூச்சுத் திணறும். எச்சரிக்கிற அளவுக்கு வாசனையும் கிடையாது. கடையில் வாங்கும் சாதாரண முகமூடி போதாது. வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் கவசம் வேண்டும். எங்கள் கராஜில் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. இந்தப் பக்கம் எரிந்துகொண்டிருக்கும் வாட்டர் ஹீட்டர்.

எல்லாவற்றையும் நானே செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஐ.டி. வேலையில் கையால் செய்து காட்ட ஒன்றும் இல்லாதவனுக்கு அந்த ஆசை கொஞ்சம் அதிகம். ஆனாலும் ஒரு கோடு போட்டேன். சுரண்டுவது, பட்டி, தேய்ப்பது எல்லாம் வீட்டில். ஐசோசயனேட் சேர்ந்த எதையும் ஸ்ப்ரே செய்வது பூத் உள்ள கடையில். ஹெரால்டு இதற்கு வசதியான வண்டி. தனிச் சேஸி, அதன் மேல் போல்ட் போட்ட பாகங்கள். கழற்றிப் பாகம் பாகமாகக் கொண்டுபோகலாம். எபாக்சியையும் அங்கேயே அடித்து வாங்கினேன். செலவு கூடத்தான். பத்தாவது படிக்கும் என் மகள்தான் தினமும் பக்கத்தில் நின்று தேய்க்கிறாள். அவள் நுரையீரலை வைத்துப் பார்த்தால் அது செலவே இல்லை.

கடைசியில்தான் நிறம். அப்பாவின் காரின் நிறத்தையே அடிக்க வேண்டும் என்பது என் திட்டம். ஆனால் அது என்ன நிறம்? அப்பா வெளிர் நீலம் என்கிறார். அத்தை சத்தியம் செய்து க்ரீம் என்கிறார். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.

இதற்கிடையில் மகள் கதவின் உள்விளிம்பில், யாரோ அடித்த சிவப்புக்கு அடியில், கரும்பச்சையைக் கண்டுபிடித்தாள். இங்கிலாந்தின் கெய்டனில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்கு வண்டியின் எண்ணை அனுப்பினால், தொழிற்சாலையிலிருந்து என்ன நிறத்தில் வெளிவந்தது என்று சான்றிதழ் தருவார்கள். வந்தது, பச்சைதான். "அப்பா, தாத்தாவோட கார் மெட்ராஸ்லயே போயிடுச்சு. இது வேற கார். இதுக்கு ஒரு கலர் இருக்கு இல்ல?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. நம் நினைவுகளை எல்லாம் இங்கே இருப்பவற்றின் மேல் பூசிப் பார்ப்பது நமக்குப் பழகிப்போன வேலை. பிள்ளைகள் மேலும்தான்.

பச்சை என்றே முடிவு செய்தோம். ஒற்றைப் பூச்சு, தெளிபூச்சு வேண்டாம். அந்தக் காலத்து வண்டிக்குக் கண்ணாடிப் பளபளப்பு ஒட்டாது.

போன ஞாயிறு, எபாக்சி அடித்து வந்த பாகங்களை மாட்டி நிறுத்தி அப்பாவுக்குக் காட்டினோம். முழுக்கச் சாம்பல் நிறம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடேய், இதேதான்டா நம்ம வண்டி கலர்!" என்றார்.

மகளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் பார்த்தது அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை. இது ப்ரைமர், தாத்தா, இதுக்கு மேலதான் கலர் வரும் என்று அவள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"அப்படியா? சரி சரி. கலர் என்ன வேணா அடிங்க. அடியில துருவெல்லாம் சுத்தமா எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

எடுத்துவிட்டோம் அப்பா, இந்தத் தடவை.